யாழுக்கு உயிர் தந்த வாவிக்கரை மைந்தர்

மட்டக்களப்பு வாவியில், முழுநிலா நாட்களில் கல்லடிப் பாலத்தின் கீழே படகை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையில் செவியை வைத்தால் ஓர் இன்னிசை கேட்கும் என்பர். பாடும் மீன்களின் இசை என்று ஊரார் அதனைச் சொல்வர். அந்த ஒலியைத் தமிழிசையோடு இணைத்து நோக்கியவர் சுவாமி விபுலாநந்த அடிகளார். அதனைக் கருவாகக் கொண்டு நீரரமகளிர் இன்னிசைப் பாடலையும் அவர் இயற்றினார்.

1892இல் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்த மயில்வாகனனே பின்னாளில் விபுலாநந்தர் ஆனார். கல்முனையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். இலக்கணமும் பௌதிகமும் ஒருவரிடத்தே கூடியதன் பயன் பின்னர் தெரியவந்தது.

மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த அவர், பதவியைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார். எனினும் அவரது துறவு ஊரைத் துறந்ததன்று. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு வழி திறந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார்.

அடிகளாரின் அன்பு சமய எல்லைக்குள் அடங்கவில்லை. காரைதீவோ, வடக்கிலும் தெற்கிலும் முஸ்லிம் ஊர்கள் சூழ அமைந்த தமிழூர். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையேற்ற ஏ.எம்.ஏ. அஸீஸ், அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். முஸ்லிம் மாணவரின் உயர்கல்விக்காக 1945இல் புலமைப்பரிசில் நிதியத்தை நிறுவிய அப்பெருமகன், அடிகளாரிடம் பெற்ற ஊக்கத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தவர் ஆவார்.

அடிகளாரின் பேருழைப்பு 'யாழ் நூல்' ஆகும். சங்க காலத்தில் பாணர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் நுணுகி ஆராய்ந்த அடிகளார், 21 நரம்புகள் கொண்ட பேரியாழ் முதல் 7 நரம்புகள் கொண்ட செங்கோட்டியாழ் வரை அவற்றின் அமைப்பை மீட்டெடுத்தார். சுரங்களின் அலைவெண் விகிதங்களைக் கணக்கிட்டுப் பழைய பண்களை விளக்கினார். பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவராக இருந்தமையாலேயே இது கைகூடிற்று.

1947 ஜூன் மாதம், தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அந்நூல் அரங்கேறியது. நோயுற்ற உடலோடு அவ்விழாவைக் கண்ட அடிகளார், அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பில் மறைந்தார். அவரது உடல் கல்லடியில், அவர் வளர்த்த கல்விச் சாலையின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அடிகளாருக்கு நாம் சிலைகள் எழுப்பினோம். ஆண்டுதோறும் விழாவும் எடுக்கின்றோம். ஆயினும் இசை நூல் ஏட்டில் மட்டும் இருந்தால் ஊமையாகிவிடும். வாவி மீன்களின் ஒலியைக் கூட 1950களில் மட்டக்களப்பின் இயேசு சபைத் துறவியொருவர் ஒலிப்பதிவு செய்தார். யாழ் நூல் காட்டும் பண்களையும், அடிகளாரின் நீரரமகளிர் பாடலையும், பல இசைக் கருவிகளோடும் தேர்ந்த பாடகர்களோடும் தரமாகப் பதிவு செய்து பாடசாலைகளுக்கு அளிப்பது நமது கடமையாகும். அண்மை ஆண்டுகளில் தமிழகத்து இளைஞர்கள் யாழை மீண்டும் செய்து இசைக்கத் தொடங்கியிருப்பது நம்பிக்கை தருகின்றது.

அப்பதிவில் தமிழ்ப் பாடகரும் முஸ்லிம் பாடகரும் ஒன்றாகக் குரல் தரவேண்டும் என்பது நமது விருப்பம். 1985 முதல் கிழக்கில் இரு சமூகங்களும் ஒருவரையொருவர் இழந்த துயரம் பெரிது. ஒரே வாவியின் நீரில் மீன்பிடித்து, ஒரே மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெவ்வேறு நரம்புகள் தத்தம் சுரத்தில் நின்று ஒரே பண்ணை எழுப்புவதே யாழின் இலக்கணம். அடிகளார் காத்துத் தந்த அந்த இலக்கணம் நமது வாழ்வுக்கும் பொருந்தும்.