நெஞ்சுவலி என்றதும் முதலில் இசிஜி ஏன்? 270 கிலோ கருவியில் இதயத்தைப் படித்த ஐந்தோவன்

நெஞ்சுவலியோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்கின்றன சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள். விலாசம், இன்சூரன்ஸ் எல்லாம் அப்புறம்தான். அந்த இசிஜியில் தெரியும் பி, க்யூ, ஆர், எஸ், டி அலைகளுக்குப் பெயர் வைத்தவர் வில்லெம் ஐந்தோவன்.

1860-ல் ஜாவா தீவின் செமராங்கில், டச்சுக் குடும்பத்தில் பிறந்தார். டாக்டரான அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மா ஆறு பிள்ளைகளோடு நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்கு வந்துவிட்டார். அங்கே மருத்துவம் படித்த ஐந்தோவன், 25 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் ஆனார்.

இதயத்தின் மின்சாரத்தை முதலில் பதிவு செய்தவர் இவரல்ல. 1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் அதைச் செய்துவிட்டார். ஆனால் அவருடைய கருவியில் மெல்லிய குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்க வேண்டும். அது மந்தமாக நகரும். இதயம் அதுக்காகக் காத்திருக்குமா? அலைகள் மழுங்கிப் பதிவாயின. ஐந்தோவன் முதலில் இந்தப் பிழையைக் கணக்குப் போட்டே திருத்தினார். கருவி காட்டிய அலைகளுக்கு ஆங்கிலத்தின் முதல் நான்கு எழுத்துகள், கணக்கில் கிடைத்த அலைகளுக்கு இன்று நாம் சொல்லும் ஐந்து எழுத்துகள் என்று பெயரிட்டார்.

மோசமான டேட்டாவை எத்தனை நாள்தான் கையால் சரிசெய்வது? 1901-ல் புதுக் கருவி ஒன்றை அறிவித்தார். வலுவான மின்காந்தங்களுக்கு நடுவே, வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் இழை. எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்தபடி உட்கார வேண்டும். இன்று கை, கால்களில் மாட்டும் கிளிப்புகள் அந்தப் பாத்திரங்களின் வாரிசுகள்தான்.

கருவியை நோயாளியிடம் கொண்டுபோக முடியாது. நோயாளியையும் அலைக்கழிக்க வேண்டாமே! 1905-ல், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த மருத்துவமனையிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக இதயத் துடிப்பைத் தன் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். சின்ன ஊர் மருத்துவமனையில் எடுத்த இசிஜியை நகரத்து இதய நிபுணர் செல்போனில் பார்ப்பதற்கு முன்னோடி அதுதான்.

1924-ல் நோபல் பரிசு. 1927-ல் மறைந்தார்.

ஆனால் மாரடைப்பின் தடயத்தை இசிஜியில் அடையாளம் காட்டியவர் அவரல்ல, 1920-ல் நியூயார்க்கின் ஹரால்ட் பார்டீ. எஸ் அலைக்கும் டி அலைக்கும் நடுவே உள்ள கோடு மேலே தூக்கி நின்றால், இதய ரத்தக்குழாய் முழுசா அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்றால் உறைவைக் கரைக்கும் ஊசி.

முதல் இசிஜி நார்மல்னு வந்தாலும், கேஸ் டிரபுள்தான்னு கிளம்பிடக் கூடாது. மாரடைப்பின் தொடக்கத்தில் அது நார்மலாகவே இருக்கலாம். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி இசிஜி எடுப்பார்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்வார்கள்.