ஊர் ஊராகச் சென்று தமிழ் படித்தவர்

தமிழ்த் தாத்தா என்று போற்றப்படும் உ.வே.சாமிநாதய்யர், 1855-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந்தேதி பிறந்தார். சொந்த ஊர், தஞ்சை நாட்டில் உள்ள உத்தமதானபுரம். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமா என்று அழைத்தார்கள்.

தந்தை வேங்கடசுப்பையர், சங்கீத வித்துவான். ராமாயணக் கதையைப் பாட்டுடன் சொல்லி, அதில் கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினார். மகனும் பாடகனாக வேண்டும் என்பது அவரது ஆசை.

ஆனால் மகனின் மனம் தமிழிலேயே நின்றது.

தமிழ் படித்தால் பிழைப்பு ஏது? இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்குமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். சிறுவர் கேட்கவில்லை. தந்தையும் தம் ஆசையை ஒதுக்கி வைத்தார். மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எங்கே இருக்கிறாரோ, அங்கே குடும்பத்தோடு போய்த் தங்குவது என்று துணிந்தார்.

ஊரார் கொடுத்த ஆதரவு

அரியலூரில் சடகோப ஐயங்கார், சிறுவருக்குத் தமிழில் சுவை உண்டாக்கினார். பிறகு குடும்பம் குன்னம் என்ற கிராமத்துக்குப் போயிற்று.

அங்கே அவர்களுக்கு நிலம் கிடையாது. ஊராரே தங்க இடம் கொடுத்து, உணவுக்கு வேண்டிய தானியமும் கொடுத்தார்கள். தந்தை கதை சொல்லி ஊரை மகிழ்வித்தார். தமிழ் தெரிந்தவர்கள் பையனுக்குப் பாடம் சொன்னார்கள்.

அடுத்து கார்குடி. அங்கே கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் படித்தார்.

ரெட்டியாரின் பெருந்தன்மை

பெரம்பலூர் அருகே செங்கணம் என்ற கிராமம். அங்கே விருத்தாசல ரெட்டியார் என்ற நிலக்கிழார் இருந்தார். விவசாயக் குடும்பம், ஆனால் இலக்கணத்தில் கரை கண்டவர்!

அவருடைய ஆதரவில் குடும்பம் செங்கணத்தில் தங்கியது. செய்யுள் இயற்றும் முறையைச் சொல்லும் யாப்பருங்கலக் காரிகையை ரெட்டியார் கற்றுக் கொடுத்தார். கூலி எதுவும் வாங்கவில்லை.

நல்ல மாணவனைத் தம்மிடமே வைத்துக் கொள்ளவும் அவர் நினைக்கவில்லை. இனித் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் படிப்பதுதான் நல்லது என்று யோசனை கூறினார்.

1871-ல் தந்தை மகனை மாயூரத்துக்கு அழைத்துச் சென்று மகாவித்துவானிடம் சேர்த்தார். சாமிநாதன் என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் அந்த ஆசிரியரே. 1876-ல் அவர் மறையும் வரை மாணவர் அவரிடம் படித்தார்.

மீண்டும் கிராமங்களுக்கு

1880-ல் சாமிநாதய்யர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். தமிழ் படித்தால் பிழைப்பு ஏது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது!

பிறகு ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் புறப்பட்டார். கவனிப்பார் இல்லாமல் பல சுவடிகள் செல்லரித்துக் கிடந்தன. சிறு வயதில் போலவே மறுபடியும் ஊர் ஊராக அலைந்தார். பலர் வீடுகளில் தங்கினார். கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பிழை நீக்கினார். சீவக சிந்தாமணி 1887-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் அவர் பதிப்பாக அச்சில் வந்தன.

1942-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி சாமிநாதய்யர் காலமானார். தமக்குச் சோறும் தமிழும் கொடுத்த குன்னத்தையும், கார்குடியையும், செங்கணத்தையும் அவர் மறக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திர'த்தில் அந்தக் கிராமத்து மனிதர்களைப் பெயர் சொல்லி நன்றியோடு எழுதி வைத்தார்.