இருவகைச் சுரண்டலையும் எதிர்த்தவர்

வயிற்றுக்குச் சோறும் உடலுக்குத் துணியும் கேட்டுப் போராடும் தொழிலாளிக்கு, பழைய கட்டடம் இருந்தால் என்ன, இடிந்தால் என்ன? தோழர்கள் சிலர் இப்படிக் கேட்பதுண்டு. மன்னன் புகழ் கொண்டான். மதகுரு மானியம் கொண்டான். கல் சுமந்தவனுக்கு முதுகுவலிதான் மிச்சம். அவன் பேரன் அந்தச் சுவருக்காக ஏன் கவலைப்படவேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. தம் வாழ்வையே இதற்கு விடையாகத் தந்துவிட்டுப் போன ஒருவர் உண்டு. இங்கிலாந்து நாட்டவர், பெயர் வில்லியம் மாரிஸ். புலவர் என்று படித்தவர்கள் அறிவார்கள். சுவர்த்தாளிலும் திரைச்சீலையிலும் பூவும் கொடியும் தீட்டியவர் என்று செல்வர் வீடுகள் அறியும். சோஷலிஸ்ட் என்று தொழிலாளர் இயக்கம் அறியும். அவர் பழைய கட்டடங்களின் காவலராகவும் இருந்தார் என்பதும், அந்தக் காவல்பணி அவரைத் தொழிலாளியின் பக்கம் கொண்டுவந்ததில் பெரும் பங்குடையது என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

1834-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், லண்டனை அடுத்த வால்த்தம்ஸ்டோவில் மாரிஸ் பிறந்தார். தந்தை உண்டியல் தரகர். டெவன் பகுதியில் தோண்டப்பட்ட செம்புச் சுரங்கத்தில் அவர் வாங்கிய பங்குகள் குடும்பத்தைக் கொழிக்கச் செய்தன. 21 வயது நிறைந்தபோது மாரிசுக்கு ஆண்டுக்கு 900 பவுன் வருமானம் வந்தது. குழியில் இறங்கி உழைத்தவன் ஒருவன். கூடத்தில் அமர்ந்து பெற்றவர் இவர். இதை அவர் மறந்துவிடவில்லை. பின்னாளில் அந்தச் சுரங்கக் கம்பெனியில் வகித்த டைரக்டர் பதவியை 1875-இல் உதறினார். அன்றே, கனவான்கள் அணியும் தமது உயரத் தொப்பியின் மீது உட்கார்ந்து அதை நசுக்கினார் என்பார்கள்.

பாதிரியாராகும் எண்ணத்தோடு 1853-இல் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கச் சென்றார். அங்கே ஜான் ரஸ்கினின் எழுத்து அவரைப் பற்றிக்கொண்டது. இடைக்காலக் கல்தச்சன் தன் கையோடு கருத்தையும் சேர்த்துச் செதுக்கினான். இன்றைய ஆலையோ மனிதனை இயந்திரத்தின் ஓர் உறுப்பாக்கிவிட்டது என்பது ரஸ்கினின் கருத்து. மாரிஸ் பாதிரிப் பாதையை விட்டார். கட்டடக்கலை பயின்றார், ஓவியம் பழகினார், 1861-இல் நண்பர்களோடு சேர்ந்து மேசை நாற்காலி, வண்ணக் கண்ணாடிச் சன்னல், துணி முதலியவற்றைச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். கையால் செய்ய அறியாத எதையும் பிறரைச் செய்யச் சொல்வதில்லை என்பது அவர் வழக்கம். அவுரிச் சாயத்தொட்டியில் தாமே கையைவிட்டு, முழங்கைவரை நீலமாக நின்ற செல்வச் சீமானை அந்நாளைய இங்கிலாந்து கண்டது.

அக்காலத்தில் இங்கிலாந்தெங்கும் மாதாகோயில்களுக்குத் திருப்பணி என்ற பெயரில் ஒரு வேலை மும்முரமாக நடந்தது. 600 ஆண்டு, 700 ஆண்டுக் கட்டடங்கள். ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு தூணோ, சன்னலோ, மரவேலையோ சேர்த்து வளர்த்தவை. திருப்பணிக்காரர்கள் வந்தார்கள். ஏதோ ஒரு நூற்றாண்டுப் பாணியே தூயது என்று முடிவுகட்டினார்கள். பின்வந்தவற்றைப் பெயர்த்தெறிந்தார்கள். சுவரின் பழஞ்சாந்தைச் சுரண்டினார்கள். சாந்தோடு ஓவியமும் போயிற்று. தேய்ந்த சிற்பத்தை எடுத்துவிட்டு, அதைப்போலப் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள். பார்வைக்குப் பழையது, உண்மையில் நேற்று முளைத்தது!

1877 மார்ச் மாதத்தில், டியூக்ஸ்பரி ஊரின் பெரிய மடாலயக் கோயிலிலும் இவ்வேலை தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. பொறுப்பேற்றவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், நாட்டின் முதல்வரிசைக் கட்டடக் கலைஞர். மாரிஸ் தயங்கவில்லை. அத்தினியம் என்ற வார இதழுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். இப்படிப்பட்ட கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்று அறைகூவினார். அதே மாதத்தில் பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. மாரிஸ் செயலாளரானார், நண்பர் பிலிப் வெப் தோள்கொடுத்தார். டியூக்ஸ்பரியில் வேலை நின்றுவிடவில்லை. ஆனால் இயக்கம் நிலைத்துவிட்டது.

சுவரைச் சுரண்டுவதை எதிர்த்ததால் அதற்குச் சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று செல்லப்பெயர் வழங்கிற்று. நம் தமிழிலோ அச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மாரிஸ் வாழ்வை அறிந்தவர்கள், அந்த இரண்டும் அவருக்குப் பொருந்துவதைக் காண்பார்கள்.

சங்கத்தின் கொள்கை மிக எளிது. ஓடு விலகினால் அன்றே சரிசெய். மழைநீர் போகும் வழியை அடைபடாமல் வைத்திரு. சாயும் சுவருக்கு முட்டுக்கொடு. புதிதாகச் சேர்ப்பது புதியதென்றே தெரியட்டும், பழையதுபோல் நடிக்கவேண்டாம். பெருஞ்செலவில் ஒருநாள் திருப்பணி செய்வதைவிட அன்றாடப் பராமரிப்பே மேல். ஏனெனில், அந்தச் சுவர் இன்றைய உரிமையாளருக்கு மட்டும் சொந்தமன்று. கட்டிய உழைப்பாளிக்கும், இனிப் பிறக்கப்போகும் மக்களுக்கும் சொந்தம். இடையில் இருக்கும் நாம் காவல்காரர்களே.

கொள்கை பேசுவது எளிது. கைப்பணம் இழப்பது கடினம். மாரிசின் நிறுவனத்துக்கு நல்ல வருவாய் தந்தவை மாதாகோயில் வண்ணச் சன்னல்கள். திருப்பணி நடந்தால்தான் சன்னல் விற்கும்! திருப்பணிக்குள்ளாகும் பழங்கோயில்களுக்கு இனிச் சன்னல் செய்துதர மாட்டோம் என்று 1877-இலேயே அறிவித்தார். சொன்ன சொல்லுக்குத் தாமே விலைகொடுத்தார். இதனால்தான் அவரை நாம் தோழர் என்கிறோம்.

லண்டனில் கிறிஸ்டபர் ரென் கட்டிய கோயில்களை, மனைவிலை ஏறிவிட்டது என்பதற்காக இடிக்க முற்பட்டபோது சங்கம் குறுக்கே நின்றது. வெனிஸ் நகரின் புனித மார்க் கோயில் முகப்பைப் புதுப்பிக்கப்போகிறார்கள் என்று அறிந்து, 1879-இல் இங்கிலாந்திலிருந்தே கிளர்ச்சி செய்தது. ஆளுங்கட்சித் தலைவர் டிஸ்ரேலி, எதிர்க்கட்சியைச் சேர்ந்த கிளாட்ஸ்டன் இருவரும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். வெனிஸ் மக்களில் சிலர் முன்னமே எதிர்த்து வந்தார்கள். முகப்பு வேலை நிறுத்தப்பட்டது.

சிற்றூர்களையும் சங்கம் மறக்கவில்லை. தேம்ஸ் கரையில் இங்கிள்ஷாம் என்ற குக்கிராமத்துக் கோயில் சிதையும் நிலையில் இருந்தது. 1880-களின் இறுதியில் மாரிசின் முயற்சியால் அது பழுதுபார்க்கப்பட்டது. பழைய மரப் பலகைகளும், சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காலத்து எழுத்துகளும் ஓவியங்களும் இன்றும் அங்கே இருக்கின்றன.

சுவரைக் காக்கப் புறப்பட்டவர் சோஷலிசத்துக்கு வந்ததெப்படி? கேள்வி மேல் கேள்வி அவரைத் துரத்தியது. பழங்காலத்துச் சாதாரணக் கொத்தனாரால் அழகாகக் கட்ட முடிந்தது. இன்று ஏன் முடியவில்லை? திறமை குறைந்ததா? இல்லை, வேலையில் இருந்த மகிழ்ச்சி பறிக்கப்பட்டது. நேரமும் விருப்பமும் தொழிலாளியிடம் இல்லை. லாபக்கணக்கு முதலாளியிடம் இருக்கிறது. பழையதைச் சுரண்டுவதும் அதே லாபம். மனிதனைச் சுரண்டுவதும் அதே லாபம். இப்படி எண்ணியவர், 1883 ஜனவரியில் ஜனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார். 1884 இறுதியில் கார்ல் மார்க்சின் மகள் எலியனோர் முதலியவர்களோடு சோஷலிஸ்ட் லீக்கைக் கண்டார். கட்சிப் பத்திரிகைக்குப் பணம் கொடுத்தார், கட்டுரை எழுதினார், தெருமுனையில் நின்று தாமே விற்றார். 1885-இல், பேச்சுரிமை கேட்ட தோழர்கள் தண்டிக்கப்பட்ட நீதிமன்றத்தில் இவரும் கைதாகி, பின் விடுவிக்கப்பட்டார்.

1887 நவம்பர் 13 ஞாயிறு. லண்டன் டிரபால்கர் சதுக்கம் நோக்கி வந்த தொழிலாளர் ஊர்வலங்களைப் போலீசும் பட்டாளமும் அடித்து நொறுக்கின; மாரிஸ் அந்த அணியில் நடந்தவர். அடுத்த வாரம் போலீஸ் குதிரையால் மிதிபட்ட ஆல்பிரட் லின்னல் என்ற ஏழை எழுத்தர் உயிரிழந்தார். டிசம்பரில் நடந்த சவ ஊர்வலத்தில் மாரிஸ் உடன் சென்றார், கல்லறையருகே பேசினார், லின்னலின் அனாதைக் குழந்தைகளுக்காக அச்சிட்டு விற்ற பாடலை எழுதித் தந்தார். இத்தனைக்கு நடுவிலும் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வேலையை அவர் விடவில்லை. அவருக்கு இரண்டும் ஒரே போராட்டம்.

அவர் பொருள்களைச் செல்வர்கள்தாம் வாங்க முடிந்தது என்று குறை சொல்வார்கள். உண்மைதான், அதை அவரும் உணர்ந்து வருந்தினார். வருந்தியதால்தான் வீதிக்கு வந்தார்.

1896 அக்டோபர் 3-ஆம் நாள், 62-ஆம் வயதில் மாரிஸ் மறைந்தார். கெல்ம்ஸ்காட் கிராமத்தில் அடக்கம். இலையும் கொடியும் சூடிய பண்ணை வண்டி ஒன்று அவர் உடலைச் சுமந்து சென்றது; ஆடம்பரம் ஏதுமில்லை. அவர் தொடங்கிய சங்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. கொத்தனாரும் தச்சரும் கருமாரும் நாடெங்கும் சென்று பழைய வேலைகளைப் பார்த்துப் பயிலும் திட்டமொன்றை 1987 முதல் அவர் பெயரால் நடத்துகிறது. பழையதைக் காக்கும் வித்தை உழைப்பாளியின் கையிலேயே இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவர் கருத்து கடல்தாண்டி இங்கும் வந்தது. இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராயிருந்த ஜான் மார்ஷல் 1923-இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டில், சிதைந்தாலும் பழையதே புதிய போலியைவிட மதிப்புடையது என்ற கருத்து இடம்பெற்றது. ஆயினும் நம் நாட்டிலும் திருப்பணி என்று சொல்லிக் கற்சுவர் மீது மணலைப் பாய்ச்சி, கல்வெட்டு எழுத்தைத் தேய்த்த கொடுமை நடந்ததுண்டு.

தேய்ந்தது யார் பெயர் என்று எண்ணிப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இராஜராஜனை மட்டுமா சொல்கிறது? கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சர மல்லனைச் சொல்கிறது. ஆடிய பெண்கள் 400 பேரை, அவர்கள் வீட்டையும் பங்கையும் சொல்கிறது. தையல்காரரை, நாவிதரைச் சொல்கிறது. நம் பாட்டன் பெயர் எழுதப்பட்ட ஏடு அந்தச் சுவர்! அதைச் சுரண்டவிட்டால் இழப்பு மன்னனுக்கில்லை, நமக்குத்தான்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் பழைய கோயிலோ, பள்ளிவாசலோ, மண்டபமோ, மதகோ இருந்தால் ஒருநாள் போய்ப் பாருங்கள். எழுத்திருந்தால், தெரிந்தவரைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூரையில் செடி முளைத்திருந்தால் சொல்லவேண்டியவரிடம் சொல்லுங்கள். சுரண்ட வந்தால் கூடிநின்று தடுங்கள். கூலி உயர்வு கேட்கும் அதே குரலால் இதையும் கேட்கலாம். மாரிஸ் அப்படித்தான் கேட்டார்.