பார்பிக்கு உருவம் கொடுத்தவர், தன் மார்பகத்தை இழந்தபோது என்ன செய்தார்?

பார்பி பொம்மையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஆனால், அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர், மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு செயற்கை மார்பகம் தயாரிக்கும் தொழிலில் இறங்கியது தெரியுமா?

யார் இந்த ரூத்?

1916-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் 10-வது குழந்தையாகப் பிறந்தவர். 1945-ல் கணவர் எலியட்டுடன் சேர்ந்து மேட்டல் நிறுவனத்தைத் தொடங்கினார். மகள் பார்பராவின் பெயரில் 1959-ல் பார்பி வந்தது. மார்பகம் உள்ள பொம்மையை எந்த அம்மா வாங்கித் தருவார் என்று நிறுவனத்துக்குள்ளேயே தயங்கினார்கள். ரூத் விடவில்லை. பொம்மை ஹிட்!

1970-ல் என்ன நடந்தது?

ரூத்துக்கு மார்பகப் புற்றுநோய். ஒரு மார்பகத்தை அகற்றினார்கள். பிராவுக்குள் வைத்துக்கொள்ளக் கடையில் கிடைத்ததோ, இடது வலது வித்தியாசம்கூட இல்லாத ஒரு உருண்டை. செருப்புக்கே இடது, வலது இருக்கும்போது இதற்கு ஏன் இல்லை என்பதுதான் அவருடைய கோபம்.

1975-ல் மேட்டலிலிருந்து விலகினார். 1978-ல் நிறுவனத்தின் பொய்க் கணக்கு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, அபராதமும் 2,500 மணி நேர சமூக சேவையும் தண்டனையாகப் பெற்றார். அந்தச் சரிவுக் காலத்தில்தான் 'நியர்லி மீ' வளர்ந்தது. சிலிக்கோனும் நுரையும் சேர்த்துச் செய்த, இடது வலது தனித்தனியான செயற்கை மார்பகம் அது. புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களையே வேலைக்குச் சேர்த்து, ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய், வந்தவர்களுக்குத் தானே அளவு பார்த்துப் பொருத்தினார். அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டும் அவரிடம் வந்தவர்தான்.

அப்போ, உடலுக்குள் வைக்கும் சிலிக்கோன்?

ரூத் செய்தது வெளியே அணிவது. கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே வைக்கும் இம்பிளான்ட் 1962-லேயே வந்துவிட்டது. அது கிழிந்தால் அறிகுறியே இல்லாமல்கூடப் போகலாம்.

பாதுகாப்பு சந்தேகங்களால் 1992-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ சிலிக்கோன் ஜெல் இம்பிளான்ட்டுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. ஆனால், புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்கு ஆய்வின் பகுதியாக அனுமதி தொடர்ந்தது. 1999-ல் வந்த நிபுணர் குழு அறிக்கை, உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களுக்கு இம்பிளான்ட்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. உண்மையான சிக்கல்களாக அது காட்டியவை கிழிதல், சுற்றியுள்ள திசு இறுகுதல், மறுபடியும் ஆபரேஷன். 2006-ல் பொது அனுமதி திரும்பியது.

ஆனால் கதை முடியவில்லை. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்பிளான்ட்டுகளுக்கும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவர, 2019-ல் அலர்கன் நிறுவனம் தன் 'பயோசெல்' வகையைத் திரும்பப் பெற்றது.

நாம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

இம்பிளான்ட் ஆயுள் முழுக்க உழைக்கும் பொருள் இல்லை. கிழிசல் இருக்கிறதா என்று ஸ்கேன் மூலம் அவ்வப்போது பார்க்க வேண்டும். எந்த நிறுவனம், எந்த மாடல், எந்த மேற்பரப்பு என்பதை டாக்டரிடம் கேட்டு, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ரூத்துக்கு 1989-ல் இன்னொரு மார்பகமும் அகற்றப்பட்டது. 2002-ல், 85 வயதில் காலமானார். கடையில் கொடுத்ததைப் பேசாமல் வாங்கிக்கொள்ளாமல் கேள்வி கேட்டாரே, அதுதான் இன்றைக்கும் இம்பிளான்ட் வைப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் பெண்ணுக்குத் தேவை.