கண்டதை எழுதிய மருத்துவர் அர்-ராஸீ

இஸ்லாமிய உலகின் மருத்துவ வரலாற்றைப் பேசும் மேடைகளில் நாம் தவறாது கேட்கும் பெயர்களுள் ஒன்று அர்-ராஸீ என்பது. அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கதையைச் சொல்லிக் கைதட்டல் பெறுவர். பாக்தாத் நகரில் புதிய மருத்துவமனைக்கு இடம் தேர்ந்து தருமாறு அவரைக் கேட்டனராம். அவர் நகரின் பல பகுதிகளிலும் பச்சை இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எவ்விடத்து இறைச்சி நெடுநேரம் கெடாதிருந்ததோ அவ்விடமே காற்றுத் தூய்மையுடையது எனத் தேர்ந்தாராம்.

கேட்க இனிய கதைதான். ஆயினும், இக்கதையில் வரும் மருத்துவமனை அளுதுத் தவ்லா நிறுவியது. அது திறக்கப்பெற்றது 982-ஆம் ஆண்டில். அர்-ராஸீ மறைந்ததோ 925-இல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மருத்துவர் வரலாறுகளைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆவே, கதையையும் எழுதி, காலம் பொருந்தாமையையும் சுட்டிக் காட்டிவிட்டார். வேறொரு பழைய மருத்துவமனைக்குக் கதையை மாற்றிச் சொல்வோரும் உளர். நாம் அக்கதையை ஒருபுறம் வைத்துவிடலாம் என்றே கருதுகிறோம். எதையும் சான்றின்றி ஏற்க மறுத்த ஒருவரின் பெருமையைச் சான்றில்லாக் கதையால் நிறுவுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. அவர் எழுதிவைத்தவையே நமக்குப் போதும்.

அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா என்பது அவரது முழுப்பெயர். இன்றைய தெஹ்ரானை அடுத்திருந்த ரய் நகரில் பிறந்தமையால் அர்-ராஸீ எனப்பட்டார். ஐரோப்பியர் அப்பெயரை ரேஸஸ் எனத் திரித்து வழங்கினர். ஹிஜ்ரி 251 ஷஅபான் முதல் நாள், அதாவது கி.பி. 865-இல், அவர் பிறந்தார் என அறிஞர் அல்-பீரூனீ குறித்துள்ளார். இளமையில் இசையிலும் பின்னர் இரசவாதத்திலும் ஈடுபட்டவர், ஓரளவு வயது முதிர்ந்த பின்னரே மருத்துவம் பயிலத் தொடங்கினார் என்பர். ரய் நகர மருத்துவமனைக்கும், பின்னர் பாக்தாத் மருத்துவமனைக்கும் தலைமை ஏற்றார். அந்நாளில் மருத்துவமனையைப் பீமாரிஸ்தான் என்று வழங்கினர்.

அவரைக் கண்ட ரய் நகர முதியவர் ஒருவரின் வாய்மொழியை இப்னுந் நதீம் தமது நூற்பட்டியலில் பதிவுசெய்துள்ளார். பெரிய தலையுடைய அம்முதுபெரும் ஆசிரியர் நடுவில் அமர்ந்திருப்பார். அவருக்கு முன் அவருடைய மாணாக்கர். அவர்களுக்கு அப்பால் அம்மாணாக்கரின் மாணாக்கர். அதற்கும் அப்பால் மற்றோர். வரும் நோயாளி முதலில் வெளிவட்டத்தில் உள்ளோரிடம் தம் குறையைச் சொல்லுவார். அவர்கள் தீர்வறியின் அங்கேயே முடியும். அறியாவிடில் அடுத்த வட்டத்துக்கு வருவார். அவர்களும் தவறிய பின்னரே ஆசிரியர் வாய் திறப்பார். ஏழை நோயாளிகளுக்கு அவர் இரங்கி உதவித்தொகையும் அளித்தார். காணும்போதெல்லாம் எதையேனும் எழுதிக்கொண்டோ படியெடுத்துக்கொண்டோ இருந்தார் என்றும் அம்முதியவர் கூறியுள்ளார். அவரது கண்களில் எப்போதும் நீர் வடிந்துகொண்டிருந்ததாம். அவர் அவரைக்கொட்டை மிகுதியாக உண்டமையே காரணம் என்று ஊரார் நம்பினர்.

அவ்வாறு எழுதியவற்றுள் பெரியது அல்-ஹாவீ. உண்மையில் அவர் அதனை ஒரு நூலாக எழுதி முடிக்கவில்லை. அது வாழ்நாள் முழுதும் சேர்த்த குறிப்புகளின் குவியல். ஒவ்வொரு நோயின் தலைப்பிலும் கிரேக்கர், சிரியாக்கர், பாரசீகர், இந்தியர் ஆகியோர் சொன்னதை அவரவர் பெயருடன் வரிசையாக எழுதிவைத்தார். நம் நாட்டுச் சரகரும் சுசுருதரும் அங்கே பெயர் சுட்டப்பெறுகின்றனர். முன்னோர் கருத்துகளை எழுதிய பின், லீ என்னும் சிறிய அரபுச் சொல்லை இட்டுத் தம் கருத்தைத் தொடங்குவார். எனது என்பது அதன் பொருள். பிறர் சொன்னது எது, தாம் கண்டது எது என்பதை ஒரு சொல்லால் வேலியிட்டுப் பிரித்த இப்பழக்கத்தை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியோர் பலரிடம் இத்தூய்மையைக் காண்டல் அரிது. இன்று கட்டுரை எழுதும் நம் மாணவரிடமும் அரிதே.

கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் சொல் அந்நாளில் மருத்துவர்க்குச் சட்டம். அர்-ராஸீ அவரைத் தம் ஆசிரியராகவே போற்றினார். ஆயினும் ஜாலீனூஸ் மீதான ஐயங்கள் என்ற பொருள்பட ஒரு நூல் எழுதி, ஆசிரியரின் பிழைகளை எடுத்துக்காட்டினார். நன்றி மறந்த செயலன்றோ என்று கேட்போருக்கு அந்நூலின் முன்னுரையிலேயே விடையளித்தார்: அறிவுத் துறையில் ஆசிரியரைக் கண்மூடிப் பின்பற்றுவதை ஜாலீனூஸே விரும்பியதில்லை என்பது அவர் வாதம். காய்ச்சல்களின் போக்கு பற்றி நூலில் கண்டதும், பாக்தாத், ரய் மருத்துவமனைகளில் தாம் கண்டதும் பலவிடத்து ஒத்துவரவில்லை என்பதை அவர் அஞ்சாது எழுதினார். ஒரு நோயாளியை வைத்தன்று, பல ஆண்டுகளில் கண்ட பலரை வைத்தே அவர் பேசினார்.

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டிய அவரது சிறுநூல் உலகப் புகழ் பெற்றது. முதுகுவலி பெரியம்மையில் மிகுதி என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்றும் அவர் பிரித்தார். குருதி புளித்துப் பொங்குவதே அம்மைக்குக் காரணம் என அவர் கொண்ட விளக்கம் இன்று நிற்காது. அடையாளங்கள் நிற்கின்றன. 1848-இல்கூட அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டனர் என்றால், 900 ஆண்டுகளுக்குப் பின்னும் மருத்துவர் அதனைத் தேடினர் என்பது விளங்கும். பாதரசத்தை ஒரு குரங்குக்குக் கொடுத்து, அது வயிற்றைப் பற்றிக்கொண்டு துடித்ததைக் குறித்துவைத்தவரும் இவரே.

இனி, அவர் பார்த்த நோயாளி ஒருவரின் குறிப்பைச் சற்று விரிவாகக் காண்போம். அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருக்கு ஒழுங்கற்ற காய்ச்சல். சிலகால் நாள்தோறும், சிலகால் ஒருநாள் விட்டு, சிலகால் ஆறு நாளுக்கு ஒருமுறை குளிருடன் வரும். அடிக்கடி சிறுநீரும் கழிந்தது. இது நான்காம் நாள் முறைக்காய்ச்சலாக மாறும், அல்லது சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி இருக்கும் என்று அர்-ராஸீ இருவகையாகக் கூறினார். சின்னாளில் சிறுநீரில் சீழ் வெளிப்பட்டது. இனிக் காய்ச்சல் திரும்பாது என்றார்; அவ்வாறே ஆயிற்று. சிறுநீர் பெருக்கும் மருந்துகளும், புண் ஆற்றக் குந்திரிக்கம் முதலியனவும் கொடுத்துச் சுமார் இரண்டு மாதத்தில் குணப்படுத்தினார்.

வேறொருவராயின் இதனை வெற்றிக் கதையாக முடித்திருப்பார். அர்-ராஸீ அதற்கு மேலும் எழுதினார். தொடக்கத்திலேயே சிறுநீரகம் என்று உறுதியாகச் சொல்லத் தாம் தவறியது ஏன் என்று ஆராய்ந்தார். எழுந்து நிற்கையில் இடுப்பில் ஏதோ தொங்குவது போன்ற பாரம் இருந்ததை நோயாளி சொல்லவில்லை. தாமும் கேட்க மறந்துவிட்டதாக எழுதிவைத்தார். அடிக்கடி சிறுநீர் கழிந்தமையே தம் ஐயத்தை வலுப்படுத்தியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்த ஒரு தலைமை மருத்துவர், தம் குறையைத் தம் ஏட்டிலேயே பதிகிறார்.

அல்-ஹாவீயில் மற்றோர் இடம் உண்டு. இன்றைய மருத்துவ ஆய்வாளர் அர்-ராஸீயை நினைவுகூர்வது பெரிதும் அதனாலேயே. சர்ஸாம் என அந்நாளில் வழங்கிய, மூளையுறை அழற்சியை ஒத்த கொடிய நோயைப் பற்றிய பகுதி அது. தலையிலும் கழுத்திலும் சில நாள் நீடிக்கும் பாரமும் வலியும், ஒளியைக் கண்டு கண் கூசுதல், கண்ணீர் வடிதல், கொட்டாவி, உறக்கமின்மை ஆகியவை அதன் முன்னறிகுறிகள் என்றார். இவற்றைக் கண்டதும் குருதி வாங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். அதற்குச் சான்றாக அவர் ஜாலீனூஸின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தார்க்குத் தாம் குருதி வாங்கியதையும், மற்றொரு கூட்டத்தாரை உண்மையறியும் பொருட்டே வேண்டுமென்று குருதி வாங்காது விட்டதையும், விடப்பட்டவர்க்கெல்லாம் சர்ஸாம் கண்டதையும் சொன்னார். மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் அருகருகே வைத்து ஒப்பிடும் முறை, நமக்குத் தெரிந்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாக இங்கே நிற்கிறது.

அவ்வாறு சிலரை விட்டது தகுமா எனக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இன்றாயின் நோயாளியின் இசைவும் அறநெறிக் குழுவின் அனுமதியும் இன்றி அது நடவாது. ஆனால், பயனறியாத மருந்தை எல்லோர்க்கும் கொடுப்பவரும் எல்லோர் மீதும் சோதனையே நடத்துகிறார். எதையும் அறிந்துகொள்ளாமல் நடத்துகிறார், அவ்வளவே.

அர்-ராஸீயின் முடிவு தவறானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மூளையுறை அழற்சிக்குக் குருதி வாங்கல் மருந்தன்று என்பது இன்று தெளிவு. முறை சரியாயிருந்தும் முடிவு ஏன் பிழைத்தது? யார் எந்தக் கூட்டத்தில் சேர்வது என்பதை மருத்துவரே தேர்ந்தார். தேர்பவரின் கண் தம்மையறியாமல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் இல்லை. அவர் கூறிய முன்னறிகுறிகள் தாமே தணியும் எளிய நோய்களிலும் தோன்றுவன. ஆதலால் குருதி வாங்கப்பெற்று நலமடைந்தோர் வாங்காமலேயே நலமடைந்திருக்கவும் கூடும்.

இக்குறைகளை நீக்க உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று. பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி 1835-இல் வெளியிட்ட நூலில் நுரையீரல் அழற்சியுற்ற 77 பேரை எண்ணிக் கணக்கிட்டார். முதல் நான்கு நாளுக்குள் குருதி வாங்கப்பெற்ற 41 பேரில் 18 பேர் இறந்தனர். அதன் பின் வாங்கப்பெற்ற 36 பேரில் 9 பேரே இறந்தனர். குருதி வாங்கலின் செல்வாக்கு அதன்பின் தளரலாயிற்று. 1948-இல் பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு வெளிவந்தது. அதில் யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாது, குலுக்கலை ஒத்த எண் அட்டவணையால் முடிவுசெய்தனர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். நம் சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையமும் இம்முறையாலேயே, வீட்டிலிருந்து மருந்துண்போர் சானடோரியத்தில் இருப்போரை ஒப்பவே குணமடைவர் என 1959-இல் உலகுக்குக் காட்டியது. படுக்கை கிடைக்காத ஏழைகளுக்கு அது எத்துணைப் பெரிய செய்தி!

சான்றுசார் மருத்துவம் என்ற பெயர் 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரால் பரவியது. ஆய்வின் சான்று, மருத்துவரின் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் என்னும் மூன்றும் சேர்ந்தே சிகிச்சை முடிவாக வேண்டும் என்பர் அவர்கள். ஆய்வுத்தாள் மட்டும் போதும் என்று எண்ணுவோர், இப்னு ஸவாதாவிடம் கேட்கப்படாமற்போன அந்த ஒற்றைக் கேள்வியை நினைத்துப் பார்க்கலாம்.

அர்-ராஸீயின் தத்துவக் கருத்துகள் சிலவற்றை மார்க்க அறிஞர்கள் கடுமையாக மறுத்தனர். அல்-பீரூனீக்கும் அவற்றில் உடன்பாடில்லை. ஆயினும் அவரே முயன்று தேடி, அர்-ராஸீயின் 184 நூல்களைப் பட்டியலிட்டுக் காத்தார். கருத்து வேற்றுமையோடு உண்மையைப் பேணிய அப்பண்பையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கிட்டாத ஏழைகள் தாமே பயன்படுத்த எளிய பொருள்களால் மருந்து சொல்லும் நூலும் அப்பட்டியலில் அடங்கும்.

தம் வாழ்க்கை நெறியைப் பற்றி எழுதிய சிறுநூலில், பெருந்தொகுப்பு ஒன்றுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக உழைத்துக் கண் பார்வை நலிந்ததையும் கைத் தசை செயலற்றதையும் அர்-ராஸீ சொல்கிறார். பின்னும் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டும், எழுதச் சொல்லியும் பணியைத் தொடர்ந்தார். ஹிஜ்ரி 313 ஷஅபான் ஐந்தாம் நாள், சந்திரக் கணக்கில் 62 ஆண்டும் 5 நாளும் நிறைந்த வயதில், ரய் நகரிலேயே மறைந்தார்.

குறிப்பேடுகள் அவருடைய சகோதரியிடம் இருந்தன. அமைச்சர் இப்னுல் அமீத் பெரும்பொருள் கொடுத்து அவற்றைப் பெற்று, ரய் நகரில் இருந்த மாணாக்கர்களைக் கூட்டி ஒழுங்குபடுத்தச் செய்தார். 1279-இல் சிசிலியைச் சேர்ந்த யூத அறிஞர் ஃபரஜ் இப்னு ஸாலிம் அதனை இலத்தீனில் பெயர்த்தார்; 1486-இல் இத்தாலியின் பிரெஷியா நகரில் அச்சேறியது. அரபு மூலம் முழுமையாக அச்சேறியது நம் நாட்டில்தான். ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் 1955 முதல் 1971 வரை அதனை 23 பகுதிகளாக வெளியிட்டது. குருதி வாங்கலைப் பற்றிய அப்பிழையான முடிவும், கேட்க மறந்த அக்கேள்வியும் அவற்றுள் அவர் எழுதியவாறே உள்ளன.