தந்தையாகிய ரூஸ்வெல்ட்

அமெரிக்க நாட்டின் தலைவராய் 1901 முதல் 1909 வரை விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டை நம் சங்கத்தார் வேட்டைப் பிரியராகவும் போர்வீரராகவும் அறிவர். யாம் ஈண்டு நினைவுகூர்வது தந்தையாகிய அவரை.

1884 பிப்ரவரி 14-ல் அன்னையும் மனைவியும் ஒரே வீட்டில் உயிர்நீத்தனர். பிறந்து இரண்டே நாளான பெண்மகவைத் தமக்கையிடம் ஒப்புவித்து, டகோட்டா வெளியில் மாட்டுப்பண்ணை நடத்தித் துயராற்றினார். பின்னர் எடித் அம்மையாரை மணந்து ஐந்து மக்களைப் பெற்றார். அவர்களோடு காட்டிலும் கடற்கரையிலும் தாமும் சிறுவராய்த் திரிந்தார்.

1898-ல் கியூபாவில் சான் ஹுவான் குன்றுகளில் பொருது புகழெய்தியவர், 1917-ல் மீண்டும் போர்க்களம் புக வேண்டினார், இசைவு கிடைத்திலது. புதல்வர் நால்வரும் சென்றனர். அனுப்பியவர் அவரே எனினும் தகும். புகழ்வோர் இதனை விரைந்து கடப்பர், யாம் கடக்கமாட்டோம். 1918 ஜூலை 14-ல் இருபதே வயதான இளையமகன் க்வென்டின் பிரான்சு நாட்டு வானில் சுடப்பட்டு மாண்டார். ஆறு திங்கள் நிரம்புமுன், 1919 ஜனவரி 6-ல், தந்தையும் உறக்கத்திலேயே உயிர்துறந்தார்.