தேகப்பயிற்சிக் கல்விக்கு வித்திட்ட ஹாரி குரோ பக்

மக்கள் அடையத்தக்க பேறுகள் பலவற்றுள்ளும் நோயற்ற உடலே முதன்மையானது என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும் அவ்வுடலைப் பேணும் கல்வியைக் கல்வியென்று மதிப்பார் நம்மவருள் மிகச் சிலரே. பிள்ளைக்குக் கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் வீடே கலங்குகின்றது. அவன் இரண்டு பர்லாங்கு ஓடமாட்டாமல் மூச்சுத் திணறினால் அதனைக் கவனிப்பார் இல்லை. பத்தாம் வகுப்பை எட்டியவுடன் விளையாட்டு வேளையையும் பாடத்திற்கே ஒதுக்கிவிடும்படி தலைமையாசிரியரை வேண்டிக்கொள்ளும் பெற்றோர் நம் கள்ளக்குறிச்சியிலும் உளர். பிறரைக் குறை கூறுவானேன்? யாமே எம் மகன்பொருட்டு ஒருகால் அவ்வாறு வேண்டிக்கொண்டோம். அவ்வாண்டு முழுதும் அவன் மாலையில் கூன்விழ உட்கார்ந்து புத்தகத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்திருந்ததும், இரவில் உறக்கமின்றிப் பகலில் வகுப்பிலே தூங்கி வழிந்ததும், மதிப்பெண்ணும் யாம் எண்ணியபடி ஏறாமற் போனதும் எமக்குத் தக்க பாடமாயின. ஆதலின், இத்தேயத்துப் பள்ளிகளில் உடற்கல்விக்கு இடம் தேடித் தந்த ஒரு பெரியாருடைய சரித்திரத்தை இங்குச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

ஹாரி குரோ பக் என்பார் 1884-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சார்ந்த கலாசாலையிலே தேகப்பயிற்சிக் கல்வி பயின்றார். 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே சென்று விளையாட இயலாத மாணாக்கர்க்கென்று கூடைப்பந்தாட்டத்தை முதன்முதல் அமைத்தது இக்கலாசாலையிலேதான். 1895-ல் கைப்பந்தாட்டத்தை அமைத்த வில்லியம் மார்கனும் இங்குப் பயின்றவரே. விளையாட்டைப் பொழுதுபோக்கென்று தள்ளாமல் கல்வியின் ஓர் உறுப்பென்றே கொண்ட இடம் அது. அக்கருத்தே பக் அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் கொள்கையாயிற்று.

1919-ல் அவர் சென்னைக்கு வந்தார். அக்காலத்துப் பள்ளிகளில் தேகப்பயிற்சியென்பது பெரும்பாலும் டிரில் ஒன்றே. பட்டாளத்தினின்று விலகியவர்களே பெரிதும் அதனைக் கற்பித்து வந்தனர். பிள்ளைகள் வரிசையில் நிற்பர், கட்டளைக்கேற்பக் கைகால்களை அசைப்பர், மணியடித்ததும் கலைவர். பந்தாட்டம் முதலியன இயல்பாகவே வலிமையுடைய சிலர்க்கு உரியனவாயிருந்தன. எஞ்சியோர் எல்லையில் நின்று வேடிக்கை பார்ப்பர். எவனுக்குப் பயிற்சி மிகுதியும் வேண்டுமோ அவனே வேடிக்கை பார்ப்பவனாய் நின்றான். இக்குறை நீங்க வேண்டுமாயின் தக்க ஆசிரியர்கள் வேண்டும் என்று கண்ட பக் அவர்கள், 1920-ல் சென்னையிலே உடற்கல்வி ஆசிரியர்க்கான பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். சிறிதாய் முளைத்த அப்பள்ளியே, ஆசியாக் கண்டத்தில் இவ்வகையில் முதலாவது என்று போற்றப்பெறும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கலாசாலையாய் வளர்ந்து, இன்று நந்தனத்திலே அடையாற்றை அடுத்து விளங்குகின்றது.

மேனாட்டு ஆட்டங்களை மட்டும் அவர் பெரிதென்று எண்ணினாரல்லர். நம் தெருக்களிலே ஆடப்பெற்ற சடுகுடு முதலிய ஆட்டங்களுக்கும் தம் கலாசாலையில் இடந்தந்தார். சென்னை அரசாங்கத்தாருக்கும் உடற்கல்வி பற்றி ஆலோசனை கூறி வந்தார். 1924-ல் பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்திய வீரர் குழுவுக்கு அவரே மேலாளர். 1927-ல் ஸர் தோராப்ஜி டாட்டாவைத் தலைவராகக் கொண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைவதற்கு உழைத்தோருள்ளும் அவர் ஒருவர். இத்துணைப் புகழ் வந்தெய்திய பின்னரும் ஆசிரியர்களைப் பயிற்றும் வேலையை அவர் கைவிடவில்லை. வீரன் ஒருவனுக்குப் பதக்கம் கிடைத்தால் நாடு ஒருநாள் மகிழும். நல்லாசிரியன் ஒருவன் பள்ளிக்குச் சென்றால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பயன்பெறுவர். 1943 ஜூலை 24-ல், தமது 58-ஆம் வயதில், சென்னையிலேயே அவர் காலமானார். பிறநாட்டில் பிறந்தும் நம் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டு உழைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அவர் கொண்ட கொள்கையை இன்றைய மருத்துவமும் வலியுறுத்துகின்றது. ஐந்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர் நாள்தோறும் சராசரி 60 நிமிஷமேனும் உடல் நன்கு உழைக்க விளையாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவுறுத்தியது. அதனால் இருதயமும் எலும்பும் உரம்பெறும்; உறக்கம் நன்கு வாய்க்கும்; பாடத்திலும் கருத்து ஊன்றும். தோல்வியைப் பொறுத்தல், விதிக்கு அடங்குதல், தன் பக்கத்தாரோடு ஒத்துழைத்தல் ஆகிய குணங்களும் ஆடுகளத்திலேதான் எளிதில் படியும்.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி ஜில்லாவாகிய நம் கள்ளக்குறிச்சிக்குக் கல்வராயன் மலை ஓர் அணி. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சிறுவர்கள் மேடும் பள்ளமுமான மலைவழியிலே நடந்து பழகியவர்கள். இயற்கை அவர்களுக்குக் காலுரம் அளித்துள்ளது; அதனை முறைப்படுத்தும் ஆசிரியனும் சமதளமான ஓர் ஆடுகளமுமே வேண்டுவன. சமவெளியிலுள்ள நம் பிள்ளைகளுக்கோ களமும் ஆசிரியனும் இருந்தும் வேளையில்லை. அவ்வேளையைப் பறிப்பவர் நாமே.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்கள்பால் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். தேர்வாண்டாயினும் பிள்ளையின் விளையாட்டு வேளையை நிறுத்தும்படி எப்பள்ளியையும் கேளாதிருங்கள். பள்ளிக்கு நன்கொடை அளிக்கும்போது கட்டடத்தை மட்டும் நினையாமல் களத்தையும் நினையுங்கள். நம் பிள்ளைகளைத் தனியே ஒதுக்காமல் ஊர்ப் பொதுக்களத்துக்கு அனுப்புங்கள். பந்து எறிபவன் எக்குலத்தவன் என்று பந்து கேட்பதில்லை. சாதியின் பெயரால் கூடிய சங்கத்தார் இதனைச் சொல்வது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும் நம் மக்கள் பிறரோடு தோள்சேர்ந்து நிற்கக் கற்பதே நம் குலத்துக்கும் ஆக்கம் என்பது எம் துணிபு.